பழக்கிவிட்டவர்களின் பதவியுயர்வு

கேள்வி:

மதிப்புக்குரிய ஐயா, நுவரெலியா மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தில் 19 வருடங்களாக முகாமைத்துவ உதவியாளராகப் பணியாற்றுகிறேன். கடந்த சில வருடங்களில் எங்கள் கிளைக்குப் பொறுப்பாக மூன்று இளம் உத்தியோகத்தர்கள் நேரடி நியமனத்தில் வந்தார்கள். அலுவலகக் கோவைகளில் குறிப்பெழுதுவது முதல் தோட்டங்களிலிருந்து வரும் சனங்களோடு பேசுவது வரை மூவரையும் பழக்கிவிட்டவள் நான். மூவரும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்கள். நான் அதே மேசையில் இருக்கிறேன். ஏற்கெனவே சேவையில் இருப்பவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை என் சேவைக்காலத்தில் இரண்டு தடவைகள்தான் நடந்தது. ஒரு தடவை பிரசவ விடுமுறையில் இருந்தேன். மற்றத் தடவை சில புள்ளிகளால் தவறவிட்டேன். இப்போது எங்கள் திணைக்களத்தின் கிளைப் பொறுப்பு உத்தியோகத்தர் பதவிக்கான ஆட்சேர்ப்புத் திட்டத்தைத் திருத்தப் போகிறார்கள். அந்தப் பதவிகள் எல்லாவற்றையும் உள்ளே இருப்பவர்களுக்கே சேவை மூப்பின்படி தர வேண்டும், வெளியிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று எங்கள் சங்கம் மகஜர் அனுப்ப இருக்கிறது. வரைவெழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஆனால் என் தம்பி பட்டம் முடித்துவிட்டுத் திறந்த போட்டிப் பரீட்சைக்காக ஹட்டனில் வகுப்புக்குப் போய்வருகிறான். அவனுடைய வாசலை நானே அடைக்கிறேனோ என்று மனம் உறுத்துகிறது. எது நியாயம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கையெழுத்துக் கேட்டு நிற்பவர்களுக்கு நீங்கள் நீண்ட நாள் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மகஜரில் இப்போதிருக்கும் வடிவில் கையெழுத்திட வேண்டாம். அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். வரைவெழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. அதை வேறு விதமாக எழுதுங்கள். உங்கள் சங்கத்தின் மனக்குறை நியாயமானது, அது கேட்கும் பரிகாரம்தான் தவறானது என்பது என் எண்ணம். ஏன் அப்படி எண்ணுகிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை எழுதி மேலே வந்து, பதுளையிலும் நுவரெலியாவிலும் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனவே உங்கள் மேசை எனக்குத் தெரியும். வெளியிலிருந்து ஒருவர் வந்ததை மட்டும் நினைத்து நீங்கள் வருந்தவில்லை. மூன்று பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த உங்கள் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதும், உங்களுக்கென்று சட்டத்தில் இருந்த வாசல் 19 வருடங்களில் இரண்டு முறைதான் திறந்தது என்பதுமே உங்கள் வருத்தத்தின் வேர். இவற்றில் எதுவும் திறந்த போட்டிப் பரீட்சையால் வந்த கேடு அல்ல. ஆட்சேர்ப்பை நடத்த வேண்டியவர்கள் அதை உரிய காலத்தில் நடத்தாததால் வந்தவை இவை.

மலையகத்தில் இந்த மனக்குறைக்கு வேறெங்கும் இல்லாத ஓர் ஆழம் இருக்கிறது என்பதையும் நான் அறிவேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஏணி எங்கே முடிகிறது என்பது சிறுவயதிலேயே தெரிந்துவிடும். கொழுந்து எடுத்தவரின் மகன் கங்காணியாகலாம், கணக்கப்பிள்ளையாகலாம், படித்திருந்தால் ஆபீசில் கிளாக்கராகவும் ஆகலாம்; ஆனால் தோட்டத்தின் உதவி அதிகாரியான சின்னத்துரை மட்டும் எப்போதும் வெளியிலிருந்து, 'கிரீப்பர்' என்ற பெயரில் பயிற்சிக்கு வந்து, எந்த மலையில் எந்தப் பிரட்டு (ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) என்று கங்காணியிடமே கேட்டுப் படித்து, இரண்டொரு வருடத்தில் அதே கங்காணியை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் துரையாகிவிடுவார். உங்கள் கிளைக்கு வந்த இளைஞர்களைப் பழக்கிவிட்டபோது உங்களுக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எனக்கும் வந்ததுண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. துரையின் பதவிக்குத் தோட்டத்துப் பிள்ளை விண்ணப்பிக்கவே வழி இருக்கவில்லை. இங்கே வர்த்தமானியில் அறிவித்தல் வருகிறது; உங்கள் தம்பி விண்ணப்பிக்கிறார்.

நம்முடைய அரச சேவையின் அமைப்பு, உள்ளிருந்து உயர்த்துவது, வெளியிலிருந்து எடுப்பது இரண்டையும் ஒருவாறு சேர்த்துக் கட்டப்பட்டதுதான். 1963 மே முதலாம் திகதி பழைய இலங்கை சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவை உருவாக்கப்பட்டபோது, பரீட்சை எழுதி மேலிருந்தே தொடங்கிய சிவில் சேவையாளர்களும், கிராமங்களில் அலைந்து தொழில் படித்த பிரதேச இறைவரி உத்தியோகத்தர்களும் ஒரே சேவைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். இன்றுவரை அந்தச் சேவைக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன: திறந்த போட்டிப் பரீட்சை, ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை, அனுபவமும் திறமையும் பார்த்துத் தெரிவுசெய்யும் சிறு பங்கு. இந்தியாவின் நிர்வாக சேவையிலும் மாநில சேவைகளிலிருந்து பதவியுயர்த்தி நிரப்பக்கூடிய பங்கு மூத்த பதவிகளில் 33⅓ வீதத்துக்கு மேற்படலாகாது என்று விதி இருக்கிறது. பிரான்ஸ் 1945இல் உயர் நிர்வாகக் கல்லூரியைத் தொடங்கியபோதே மாணவர்களுக்கு ஒரு போட்டியையும் சேவையிலிருப்போருக்கு இன்னொரு போட்டியையும் வைத்தது. ஆக, இரண்டில் ஒன்றை முற்றாக மூடிவிடலாம் என்பது இந்த நாடுகள் எதுவும் எடுத்த முடிவல்ல. எந்தப் பதவிக்கு எந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதே கேள்வி. அதற்கு எல்லாப் பதவிக்கும் பொருந்தும் ஒரு வீதாசாரம் கிடையாது.

அந்த அகலத்தைத் தீர்மானிக்க நான் இரண்டு கேள்விகளைக் கேட்பேன். அந்தப் பதவிக்கு வேண்டிய திறமை எங்கே விளைகிறது என்பது ஒன்று. அலுவலகத்துக்குள் நுழையும் முதல் வாசல் இதுவரை யார் யாருக்குத் திறந்திருந்தது என்பது மற்றொன்று. பணிப்பாளர் சபைகளில் முதலாவது கேள்வி சில வேளை எழும். இரண்டாவது பெரும்பாலும் எழுவதே இல்லை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். உங்கள் கிளையின் வேலையில் பெரும்பகுதி புத்தகத்தில் இல்லாதது. தோட்டத்திலிருந்து ஒரு மூதாட்டி வருகிறார். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், தோட்டத்துப் பதிவில் மூன்றாவது பெயர். முகவரியோ லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெயரும் டிவிஷனின் பெயரும்தான். இந்த மூன்று பெயரும் ஒருவருடையதே என்று நிறுவ எந்த உறுதிமொழியைக் கேட்க வேண்டும், எந்தக் கிராம உத்தியோகத்தரிடம் அனுப்ப வேண்டும், எதைக் கேட்டால் அவர் வீணாக நான்கு நாள் சம்பளத்தை இழப்பார் என்பதெல்லாம் அந்த மேசையில் பல வருடம் இருந்தவருக்கே தெரியும். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. வெளியிலிருந்து வரும் உத்தியோகத்தர் நியமனத்தின் பின் இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்துவிடலாம். வாயிலில் கலங்கி நிற்பவரோடு சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசி அவருடைய காரியத்தை முடித்துக்கொடுக்கும் திறன் அந்தச் சித்திக்குப் பின் பல வருடம் கழித்தே கைகூடும். இப்படிப்பட்ட வேலையை மேற்பார்வை செய்யும் பதவிக்கு உள்ளிருந்து வருபவரின் பங்கு கணிசமாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அதே அலுவலகத்தில் கணக்காய்வு, திட்டமிடல், கணினி வலையமைப்பு, பொறியியல் போன்ற வேலைகளும் இருக்கின்றன. அவற்றின் திறமை பல்கலைக்கழகத்திலும் வெளித் தொழில்களிலும் விளைகிறது. அங்கே மூப்பை மட்டும் பார்த்து ஒருவரை உட்காரவைத்தால் அவரும் சிரமப்படுவார், சனங்களும் சிரமப்படுவார்கள். இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை.

வெளியிலிருந்து வருபவர்களிடம் இன்னொரு பயனும் இருக்கிறது என்பதை என் அனுபவத்தில் கண்டேன். நான் மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சையில் தெரிவானபோது, இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவனத்தின் பயிற்சியில் திறந்த பரீட்சையில் வந்த இளைஞர்களோடு ஒரே வகுப்பில் இருந்தேன். அரச ஊழியர் நிர்வாக விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் எந்த அத்தியாயத்தில் எது இருக்கிறது என்று அவர்கள் என்னிடம் கேட்பார்கள். அந்த விதி ஏன் இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவர்கள் கேட்டார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று பிரதிகள் வாங்கும் வழக்கம் கார்பன் தாள் காலத்தில் வந்தது, இன்று அதற்குத் தேவையே இல்லை என்று அவர்களில் ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினான்கு வருடம் நான் அந்த மூன்று பிரதிகளையும் கேட்டுச் சனங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளேயே வளர்ந்தவருக்குப் பழக்கமும் விதியும் ஒன்றாகிவிடும். அதைப் பிரித்துப் பார்க்க வெளியாரின் கண் தேவைப்படுகிறது.

இனி இரண்டாவது கேள்வி. மூப்பை மட்டும் அளவுகோலாக வைக்கச் சொல்லும் உங்கள் சங்கத்தின் கோரிக்கையில் எனக்கு உள்ள பெரிய தடை இதுதான். மூப்பு என்பது ஒருவர் எப்போது உள்ளே வந்தார் என்பதன் கணக்கு. எப்போது வந்தார் என்பது எப்போது வர அனுமதிக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கோரி விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினரே பதிவுப் பிரஜைகளானார்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கையாக வைத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மிகுதி 150,000 பேரை 1974 வரை தீர்மானிக்காமலே விட்டது. மிச்சத்தில் பெரும்பகுதி தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். அரச உத்தியோகத்துக்கு இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு எந்த வர்த்தமானி அறிவித்தலும் பொருளற்ற காகிதமே.

என் தகப்பனார் பதிவுப் பிரஜையாகியிருந்தார். அதனால் எழுதுவினைஞர் பரீட்சைக்கு விண்ணப்பிக்க என்னால் முடிந்தது. பக்கத்து லயத்தில் இருந்த என் நண்பன் கணக்கிலும் ஆங்கிலத்திலும் என்னைவிடக் கெட்டிக்காரன். அவனுடைய குடும்பத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. நான் அறிவித்தலைக் காட்டியபோது அவன் தகைமைகள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு முதல் வரியில் விரலை வைத்தான். பிறகு அவர்கள் குடும்பத்தோடு தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். என்னுடைய மூப்புத் தினத்தை நிர்ணயித்ததில் என் கெட்டித்தனத்துக்கு எவ்வளவு பங்கு, என் தகப்பனாரின் சான்றிதழுக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதனால்தான் மலையகத்தில் திறந்த போட்டிப் பரீட்சையை மூடு என்று நாமே கேட்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பல தோட்டங்களில் இப்போதுதான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வெளிவருகிறார்கள். அவர்களுக்கு அலுவலகத்துக்குள் மாமன் மச்சான் இல்லை. வாசல் திறந்திருக்கிறது என்று சொல்ல இருப்பது அந்தப் பரீட்சை மட்டுமே. உள்ளே இருப்பவர்களுக்கே எல்லாம் என்று எழுதினால், இன்று யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்களின் கலவை இன்னும் முப்பது வருடங்களுக்கு அப்படியே உறைந்துவிடும். அந்தக் கலவை நம் மாவட்டத்தின் சனத்தொகையைப் போல இல்லை என்பது உங்கள் அலுவலகத்தின் வரவுப் பதிவேட்டைத் திறந்தாலே தெரியும்.

எனினும் வெளி ஆட்சேர்ப்பு என்ற பெயரில் நடப்பதெல்லாம் போட்டிப் பரீட்சை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் சங்கத்தினரின் கோபத்தில் ஒரு பகுதி இதனால் வந்தது என்றே கருதுகிறேன். வேலையற்ற பட்டதாரிகளைப் பெருந்தொகையாக ஒரே முறையில் உள்ளீர்க்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. 2020இல் 50,000 பட்டதாரிகளுக்கான பயிலுநர் திட்டம் அறிவிக்கப்பட்டது. வேலை கிடைத்த பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வயதினர் ஒரே தரத்தில் ஒரே நாளில் குவிந்தால், பத்துப் பதினைந்து வருடங்களின் பின் அவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பதவியுயர்வை எதிர்பார்த்து நிற்பார்கள். மேலே அத்தனை கதிரைகள் இருக்காது. மறுபுறம், ஓய்வு வயதை 65ஆக உயர்த்திப் பின் மீண்டும் 60ஆகக் குறைத்ததால், 2022 டிசம்பர் 31ஆம் திகதி பெருந்தொகையான மூத்த உத்தியோகத்தர்கள் ஒருசேர விடைபெற்றார்கள். அவர்களிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். பொருளாதார நெருக்கடியால் புதிய ஆட்சேர்ப்பும் இறுகியிருந்தது. உள்ளிருந்து எத்தனை வீதம், வெளியிலிருந்து எத்தனை வீதம் என்று எவ்வளவு நியாயமாக எழுதி வைத்தாலும், ஆண்டுதோறும் சிறு சிறு தொகையாக, தவறாமல் நடக்காத ஆட்சேர்ப்பில் அந்த வீதம் காகிதத்திலேயே இருக்கும். உங்கள் 19 வருடத்தில் இரண்டு பரீட்சை என்பதே இதற்குச் சாட்சி.

பரீட்சை நடக்காத வருடங்களில் அலுவலகம் எப்படி ஓடுகிறது? பதில் கடமையில், அதாவது வெற்றிடமான பதவியின் வேலையை இன்னொருவர் தற்காலிகமாகப் பார்ப்பதில், ஓடுகிறது. இதைப் பற்றி நான் சற்று உணர்ச்சியோடு எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் நான் மூன்று வருடங்கள் ஒரு பதவியில் பதில் கடமையாற்றினேன். அந்தப் பதவியின் வேலை முழுவதும் என்னுடையது. அதிகாரத்தில் பாதி என்னுடையது. கொடுப்பனவோ ஒழுங்காக வந்ததில்லை. இறுதியில் நேர்முகப் பரீட்சை நடந்தது. புள்ளித் திட்டத்தை எவரும் எங்களுக்குக் காட்டவில்லை. என்னிலும் பத்து வருடம் இளையவரும், அந்த வேலையை ஒருநாளும் செய்திராதவருமான ஒருவர் தெரிவானார். அவர் தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் நல்ல உத்தியோகத்தர் என்று பெயரெடுத்தார். எதற்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் தோற்றதை ஏற்றுக்கொண்டிருப்பேன். சொல்லாததால் பல வருடங்கள் மனத்தில் வைத்துக் குமைந்தேன். அந்தக் குமைச்சல் என் வேலையையும் பாதித்தது, என்னிடம் வந்த சனங்களையும் பாதித்தது. ஆகவே பதில் கடமையைப் பற்றி மகஜரில் ஒரு பந்தி அவசியம் இருக்க வேண்டும். ஒரு பதவி வெற்றிடமாகி ஆறு மாதத்துக்குள் நிரப்பும் நடவடிக்கை தொடங்க வேண்டும் என்றும், பதில் கடமை யாருக்கு என்பது எழுத்தில் உள்ள விதிப்படி சுழற்சியில் அமைய வேண்டும் என்றும், பதில் கடமையாற்றிய காலம் அனுபவமாகக் கணிக்கப்பட வேண்டுமேயன்றி அந்தப் பதவிக்கான உரிமையாகக் கணிக்கப்படக் கூடாது என்றும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது நம்மவர்களுக்குக் கசக்கும். ஆனால் பதில் கடமையே உரிமையானால், மேலதிகாரி தனக்கு வேண்டியவரை அந்தக் கதிரையில் உட்காரவைத்துவிட்டுப் பரீட்சையை வருடக்கணக்கில் தள்ளிப் போடுவார். அப்படி நடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

மகஜரின் மையக் கோரிக்கை என்னவாக இருக்க வேண்டும் என்றால், மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை திறந்த பரீட்சை நடக்கும் ஒவ்வொரு முறையும் அதனோடு சேர்த்து நடத்தப்பட வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது நடக்கக் கூடாது என்பதே. உங்கள் கிளையைப் போன்ற, சனங்களோடு நேரடியாகப் பழகும் மேற்பார்வைப் பதவிகளில் உள் வாசலின் பங்கு பாதிக்குக் குறையக் கூடாது என்று கேட்கலாம். இது என் கணிப்பேயன்றி எங்கும் எழுதப்பட்ட விதியல்ல. அந்தப் பங்கில் பெரும்பகுதி பரீட்சை மூலமும், சிறு பகுதி அனுபவமும் திறமையும் பார்த்தும் நிரப்பப்படட்டும். வயது போன பின் பரீட்சை எழுத இயலாத, ஆனால் வேலையில் ஒப்பற்ற உத்தியோகத்தர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் இரண்டொருவர் இருக்கிறார்கள். அந்தச் சிறு பகுதி அவர்களுக்கானது. ஒரு வாசலில் தகுதியானவர் கிடைக்காமல் எஞ்சும் இடங்கள் அடுத்த வருடத்துக்கு அதே வாசலுக்கே கொண்டுசெல்லப்பட வேண்டும் என்ற வாசகத்தை மறக்காதீர்கள். எஞ்சிய இடங்கள் ஓசையின்றி மறு பக்கத்துக்குப் போவதே இந்தச் சண்டைகளுக்கெல்லாம் பெரிய ஊற்று. மகப்பேற்று விடுமுறையால் பரீட்சையைத் தவறவிட்டவருக்கு வயதெல்லையிலோ தடவைகளின் எண்ணிக்கையிலோ அதற்கு ஈடான சலுகை தரப்பட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். உங்களுக்காக மட்டும் அதைக் கேட்பதாக எண்ணிக் கூச வேண்டாம்.

பழக்கிவிடும் வேலையைப் பற்றி நான் உங்களிடம் எதிர்பார்ப்பது இன்னும் கூடுதலாக. புதிதாக நேரடி நியமனத்தில் வரும் எவரும் முதல் ஆறு மாதங்களாவது கிளையின் சாதாரண மேசையில் அமர்ந்து, பெயர் குறிக்கப்பட்ட ஒரு மூத்த உத்தியோகத்தரின் கீழ் வேலை பழக வேண்டும் என்றும், அப்படிப் பழக்கிவிடுவது அந்த மூத்த உத்தியோகத்தரின் கடமைப் பட்டியலில் எழுதப்பட்டு, அவருடைய தனிப்பட்ட கோவையில் பதியப்பட்டு, திறமைப் புள்ளிகளில் கணிக்கப்பட வேண்டும் என்றும் கேளுங்கள். இன்று அது நற்குணத்தால் செய்யும் உபகாரமாக இருக்கிறது. மனம் கசந்த ஒருவர் அந்த உபகாரத்தை நிறுத்திவிட்டால் எந்த விதியும் அவரைக் கேட்காது. வரும் இளைஞர் தடுமாறுவார், தோட்டத்திலிருந்து வந்த மூதாட்டி வெறுங்கையோடு திரும்புவார். கடமையாக எழுதினால் அதற்குப் பெறுமதியும் வந்துவிடும்.

நேர்முகப் பரீட்சையின் புள்ளித் திட்டம் விண்ணப்பம் கோரும் அறிவித்தலிலேயே அச்சிடப்பட வேண்டும் என்பதையும், பரீட்சைக்கான உதவி வகுப்புகளும் பாடக் குறிப்புகளும் தமிழிலும் கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டால் போதும். மகஜர் இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பக்கத்தை எவரும் படிப்பதில்லை.

அனுப்பும் முன் ஆதாரங்களைத் திரட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதி, கடந்த பத்து வருடங்களில் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, வெற்றிடங்கள் எத்தனை, ஒவ்வொரு வாசல் வழியாகவும் எத்தனை பேர் தெரிவானார்கள், எத்தனை பதவிகள் பதில் கடமையில் எவ்வளவு காலம் இருந்தன என்று கேளுங்கள். தகவல் தரப்படுமா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். 'எங்களுக்கு அநியாயம் நடக்கிறது' என்று எழுதும் மகஜரைவிட, 'பத்து வருடங்களில் இத்தனை பரீட்சைகள் நடந்திருக்க வேண்டும், இத்தனைதான் நடந்தன' என்று எழுதும் மகஜருக்கு மேசையில் மதிப்பு அதிகம். ஆட்சேர்ப்புத் திட்டத்துக்கு அங்கீகாரம் வழங்குவது அரசாங்க சேவை ஆணைக்குழு என்பதால், ஒரு பிரதியை அமைச்சின் செயலாளர் ஊடாக ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். உங்கள் பதவி மாகாண சபையின் கீழ் வருவதாயின் மத்திய மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவே உரிய இடம்; நியமனக் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

திருத்தப்பட்ட திட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஒரு குறிப்பிட்ட தெரிவில் உங்களுக்கு அநீதி நேர்ந்தால் அது வேறு விடயம். மத்திய அரச சேவையில் ஆணைக்குழுவின் தீர்மானத்துக்கு எதிராக, 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்குச் செல்லலாம். அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமை மீறப்பட்டதென்றால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அதற்குரிய காலம் ஒரு மாதம்தான். மேன்முறையீடு எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தே அந்த ஒரு மாதத்தை இழந்தவர்கள் பலர் என்பதால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் உங்களை எதிர்ப்பார்கள். தம்பிக்காக நீங்கள் வளைந்துகொடுத்ததாகச் சிலர் சொல்லவும் கூடும். தம்பி திறந்த பரீட்சைக்குப் படிக்கிறார் என்பதை நீங்களே முதலில் எழுந்து சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால்தான் அது பழியாகும். பிறகு, அங்கே இருப்பவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் உயர்தரம் படிக்கிறார்கள், எத்தனை பேருடைய பிள்ளைகள் பேராதனையிலும் பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸவிலும் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் வெளியே வரும்போது எந்த வாசலில் போய் நிற்பார்கள் என்று அவர்களே நினைத்துப் பார்க்கட்டும்.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சில புள்ளிகளால் தவறவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். 19 வருட அனுபவத்தோடு சில புள்ளிகளில் தவறியவர் அடுத்த முறை சித்தியடையக்கூடியவர். பரீட்சை அறிவித்தல் வரும்வரை காத்திருக்காமல் இன்றே தொடங்குங்கள். தம்பி பொது அறிவும் நுண்ணறிவும் படிக்கிறார். நீங்கள் தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணங்களும் அறிவீர்கள். இரண்டும் இரண்டு பரீட்சைகளுக்கும் தேவைப்படக்கூடியவை. இரவில் பிள்ளை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் அமர்ந்து, அவர் உங்களுக்கு நுண்ணறிவு வினாக்களைச் சொல்லித்தரட்டும், நீங்கள் அவருக்கு ஒரு கோவை எப்படி நகர்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். நான்காவதாகவும் ஒருவரைப் பழக்கிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகஜரின் வரைவு ஆயத்தமானதும் சங்கத்தில் வைப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், வாசகங்களைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.